கண் வைக்காத முகமூடி

கண் வேண்டாம், வாய் வேண்டாம், மூச்சு விடத் துளைகூட வேண்டாம் என்று அந்த ஆர்டரில் எழுதியிருந்தது. ஷப்னம் அதைக் கைபேசியில் மூன்று முறை மொழிபெயர்த்துப் பார்த்தாள். மூன்று முறையும் அதே வேண்டாம்கள்தான் வந்து நின்றன.

"போனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குக்கா," என்றாள். "கண்ணு இல்லாம எப்படிக்கா குஸ்தி போடுவா?"

அம்சவேணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடமாக மெக்சிகோ மல்யுத்தக்காரர்களுக்கு முகமூடி தைக்கிறவள் அவள். அந்த நாட்டில் மேடை ஏறுகிறவர்களில் நிறையப் பேர் முகமூடியோடுதான் ஏறுவார்கள். தலை முழுக்க மூடி, பின்மண்டையில் ஷூவுக்கு லேஸ் கோப்பதுபோல நாடா கோத்துக் கட்டுவது. புலி மூஞ்சி கேட்டிருக்கிறார்கள், எலும்புக்கூடு கேட்டிருக்கிறார்கள், நெற்றியில் மூன்றாவது கண் வைக்கச் சொன்ன தடியன் ஒருவனும் உண்டு. இருக்கிற இரண்டும் வேண்டாம் என்று யாரும் கேட்டதில்லை.

யாங்கூனில், அலோன் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு மெக்சிகோக்காரிக்கு முகமூடி தைப்பதா என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. அதற்கு அம்சவேணி என்ன செய்வாள்? எல்லாம் தங்கை தமிழரசி இழுத்துவிட்ட வேலை. அம்சவேணி ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்த காலத்தில், தமிழரசி சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு மெக்சிகோப் பெண்கள் பறந்து பறந்து விழுவதைப் பார்ப்பாள். "இந்த மூஞ்சித் துணிய நீ தச்சா இதவிட நல்லாருக்கும்க்கா," என்று நச்சரித்து, தன் தலையையே அளவுக்குக் கொடுத்தாள். அப்படி வெட்டிய அளவு அட்டைதான் முதல் அட்டை. முதலாளி தொழிற்சாலையை மூடிவிட்டுப் போனபோது அந்த அட்டைதான் சோறு போட்டது. ஆர்டர் பிடிப்பதும் பார்சல் கட்டி பாங்காக் வழியாக அனுப்புவதும் ஷப்னம் பொறுப்பு. அவள் தமிழரசியோடு படித்தவள்; வாப்பா விட்டுப்போன ஜவுளிக்கடையில் பாதியைப் பார்சல் கடையாக மாற்றி வைத்திருந்தாள்.

"அளவைப் படி," என்றாள் அம்சவேணி.

"சுத்தளவு இருபத்திரண்டே கால். உச்சியில இருந்து தாடைக்கு ஒன்பதரை. அப்புறம் என்னமோ எழுதியிருக்கு, இருங்க." ஷப்னம் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இடது காது வலது காதைவிடக் கால் இஞ்சு இறங்கியிருக்கும். பின்மண்டையில் ஒரு சின்ன மேடு. அதற்குத் துணி விட்டு வெட்டவும்."

நூல் கோத்த கை அப்படியே நின்றது.

காது ஏறி இறங்கி இருப்பவர்கள் உலகத்தில் உண்டு. மண்டை புடைத்தவர்களும் உண்டு. ஆனால் அம்சவேணிக்குத் தெரிந்த அந்த மேடு, தமிழரசி ஆறு வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து வந்தது. அன்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டியவள் அவள்தான். எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த பழைய அட்டையை எடுத்து டேப்பை வைத்து அளந்தாள். ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை.

"ஒரே மாதிரி ஏழு பேரு இருப்பாங்கன்னு சொல்றதில்லையா? ஏழாவது ஆளு மெக்சிகோவுல இருக்கா. யாபாடே, விடுங்கக்கா," என்றாள் ஷப்னம். பர்மாக்காரர்கள் பரவாயில்லை என்பதற்குச் சொல்லும் அந்தச் சொல்லை அவள் எதற்கெடுத்தாலும் சொல்வாள். ஆனால் இந்தத் தடவை அட்டையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

தமிழரசி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

முகமூடி கேட்டவளின் மேடைப் பெயர் லா மூதா. ஊமைச்சி என்று அர்த்தமாம். ஒரு சின்ன ஊரில் சின்னக் கம்பெனி ஒன்று நடத்தும் மல்யுத்தத்தில் அவள்தான் பெண்கள் சாம்பியன். நான்கு வருடமாகப் பட்டம் அவளிடம்தான் இருக்கிறது. வயிற்றை மறைக்கிற அகலத்துக்குத் தங்க முலாம் பூசிய தகடும் நடுவில் மக்காச்சோளக் கதிருமாக ஒரு பெல்ட். அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்கும் போட்டி யாங்கூனில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கைபேசியில் தெரியும். அந்தச் சனிக்கிழமை மின்சாரம் இல்லை. இருவரும் தையல் இயந்திரத்தின் மேல் கைபேசியை நிறுத்திவைத்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

திரை விலகியது. வெள்ளைத் துணி சுற்றிய தலை ஒன்று நடந்து வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. வலது காலை லேசாக வெளிப்பக்கம் வீசி வீசி நடந்தாள். அலோன் மீன் மார்க்கெட்டில் கூட்டத்துக்கு நடுவே அந்த நடையை வைத்துத்தான் அம்சவேணி தங்கையைக் கண்டுபிடிப்பாள். அவள் ஷப்னத்தின் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

எதிராளி ஓடி வந்தாள். லா மூதா பார்க்காமலே விலகினாள். பார்க்காமலே பிடித்தாள், தூக்கினாள், போட்டாள். எதிராளி எழுந்து அவள் பின்மண்டை நாடாவைப் பிடித்து இழுத்தாள். நாடா அசையவில்லை.

அந்த ஊர் வழக்கத்தை ஷப்னம் தேடிப் படித்துச் சொன்னாள். முகமூடியைப் பந்தயம் வைத்துத் தோற்றால், ஜெயித்தவள் மேடையிலேயே நாடாவை அவிழ்ப்பாள். அவிழ்த்ததும் தோற்றவள் தன் சொந்தப் பெயரையும் ஊரையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பிறகு ஆயுசுக்கும் அந்த முகமூடியைப் போடக்கூடாது.

"இவ குரலையே இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம்க்கா. மேனேஜரம்மா கூட மூஞ்சிய பார்த்ததில்லையாம்."

"இப்ப போட்டிருக்கிறத யார் தச்சான்னு கேளு," என்றாள் அம்சவேணி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

பதில் மறுநாள் வந்தது. மேனேஜர் மரியாதையாகவே எழுதியிருந்தாள். 'எங்களுக்குத் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஆகஸ்ட் மாதம், அதைப் போட்டுக்கொண்டே எங்கள் வாசலில் வந்து நின்றாள். நாங்கள் கட்டவுமில்லை, அவிழ்த்துப் பார்த்ததுமில்லை. இப்போது துணி நைந்துவிட்டது. புதியதை அதற்கு மேலேயே போட்டுக்கொள்வாள். முடிச்சு எப்படிப் போடுவது என்று வீடியோ அனுப்புங்கள். ஒருமுறை கட்டினால் அவிழக் கூடாது.' கூடவே ஒரு படம். காடாத் துணி, கறுப்பு ஷூ நாடா, பின்மண்டையில் இரட்டை முடிச்சு. தாடைத் தையலில் மட்டும் பச்சை நூல்.

அந்தப் பச்சை நூலைப் பார்த்ததும் அம்சவேணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஆடி மாதம் அது. கொரோனாவில் ஊர் முழுக்க மூச்சுக்கு அலைந்த மாதம். ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அம்சவேணி காலிக் கையோடு வீடு திரும்பியபோது தமிழரசி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளை உடுப்பு போட்ட தொண்டர்கள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார்கள். அந்தப் பையின் ஜிப்பு தங்கையின் முகத்தின் மேல் ஏறுவதை அவளால் பார்க்க முடியவில்லை. "அரை மணி நேரம் குடுங்க," என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆணியிலிருந்த அட்டையை எடுத்து, காடாத் துணியில் ஒரு தலையுறை வெட்டினாள். செத்தவளுக்குக் கண் எதற்கு, வாய் எதற்கு என்று திறப்பே வைக்கவில்லை. தாடைக்கு வரும்போது வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. கடைகள் எல்லாம் அடைப்பு. இருந்த பச்சை நூலைப் போட்டு முடித்தாள். "அவிழாத மாதிரி கட்டுங்க," என்றார் தொண்டர் ஒருவர். பற்களால் கடித்து இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டாள்.

செத்தவர்களுக்கு வாய்க்கட்டும் கால்கட்டும் போடுவது உண்டு. ஆனால் சுடுகாட்டில் தீ வைக்கும் முன் எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட வேண்டும். கட்டோடு போனவர்கள் போய்ச் சேர மாட்டார்கள். அன்று சுடுகாட்டுக்கு யாரையும் விடவில்லை. வண்டி வாசலிலிருந்து கிளம்பிப் போய்விட்டது. கட்டை யார் அவிழ்த்தார்கள்? யாரும் அவிழ்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதை அவள் ஷப்னத்திடம்கூடச் சொன்னதில்லை. தமிழரசி தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, வீட்டை விட்டுப் போகிற யாரையும் 'போ' என்று சொல்லக் கூடாது என்பதால், "போயிட்டு வா தமிழ்," என்று சொல்லித்தான் அம்சவேணி அனுப்புவாள். வண்டிக் கதவைச் சாத்தியபோதும் வாய்ப் பழக்கத்தில் அதையேதான் சொன்னாள். பிணத்தைப் பார்த்து யாராவது வா என்பார்களா? அவள் சொன்னாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எரிஞ்ச துணிடி அது," என்றாள் இப்போது. "என் கையால தச்சு, அவளோட சேர்ந்து எரிஞ்ச துணி."

ஷப்னம் யாபாடே சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த பட்டப் போட்டியில் பெல்ட்டோடு முகமூடியும் பந்தயம் என்று விளம்பரம் வந்தது. நாடா அவிழும்படி தைத்தால் எதிராளி எப்படியும் அவிழ்த்துவிடுவாள், உள்ளே இருக்கிற நைந்ததையும் சேர்த்து. கட்டு நீங்கும், தமிழரசி போய்ச் சேர்வாள். அவிழாதபடி தைத்தால் சனிக்கிழமைதோறும் ஒன்பது மணிக்கு அந்த நடையைப் பார்க்கலாம். செய்ய வேண்டியது எது என்று அம்சவேணிக்கு நன்றாகவே தெரியும். மனசு கேட்க வேண்டுமே.

"அக்கா, கட்டு அவுக்கல, கட்டு அவுக்கலன்னு நாலு வருஷமா அழுதது நீங்கதானே?" என்றாள் ஷப்னம். "இப்ப வழி வந்திருக்கு. நாடாவ லேசா விட்டுத் தைங்க."

"ஜெயிச்சுக்கிட்டு இருக்காடி அவ. இங்க இருந்த வரைக்கும் என்னத்துல ஜெயிச்சா? கிடங்குல மூட்டைக்கு நம்பர் போட்டா. பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போனா. அங்க ஒரு ஊரே எழுந்து நின்னு கை தட்டுது. அத நான் பிடுங்கணுமா?"

"அது அவளுக்காகவா, உங்களுக்காகவாக்கா?"

அம்சவேணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் வேலையைப் பாரு," என்று கத்தினாள். உண்மையைச் சொல்கிறவர்கள் மேல்தான் கோபம் அப்படி வரும்.

நான்கு நாள் தைத்தாள். கறுப்புத் துணி, உள்ளே இரட்டை அடி, நாடா கோக்கும் துளை ஒவ்வொன்றுக்கும் பித்தளை வளையம். நாடாவுக்கு மீன்வலை கட்டும் நைலான் கயிறு. ஷப்னத்தின் தலையில் போட்டு முடிச்சைக் கட்டிக் காட்டினாள். அதை வீடியோ எடுத்த பிறகு ஷப்னம் பத்து நிமிஷம் மல்லுக்கட்டியும் அவிழவில்லை. கடைசியில் அம்சவேணியேதான் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. அந்த முடிச்சு அவள் ஒருத்தியின் விரலுக்குத்தான் வழிவிடும். தமிழரசி பள்ளிக்கூடம் போன நாளில், ரிப்பன் அவிழ்ந்துவிடாமல் இருக்க அவள் கண்டுபிடித்த முடிச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தமிழரசி அக்காவுக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்காருவாள். தலையைக் குனிந்து, இடது கையால் பிடரியில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவிழ்த்துவிடு என்று வாயால் சொல்ல மாட்டாள். வேலைக்குப் போன பிறகும் பின்னலை அப்படித்தான் அவிழ்க்கச் சொல்வாள்.

பார்சலும் வீடியோவும் போய்ச் சேர்ந்தன. பட்டப் போட்டியன்று அம்சவேணி குளித்து, நல்ல பர்மா லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிராளி ஆள் கட்டுமஸ்தான பெண். மூன்றாவது சுற்றில் லா மூதாவைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, முடிச்சைப் பல்லால் கடித்தே பார்த்துவிட்டாள். கயிறு அவள் உதட்டைக் கிழித்ததுதான் மிச்சம். லா மூதா எழுந்தாள். எதிராளியைத் தூக்கி ஒரே போடாகப் போட்டு மேலே படுத்தாள். நடுவர் மூன்று எண்ணினார்.

"என் தங்கம்!" என்று அம்சவேணி போட்ட கூச்சலில் கீழ் வீட்டு நாய் குரைத்தது.

பெல்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். லா மூதா வாங்கவில்லை. கேமரா இருக்கும் பக்கம் நேராக நடந்து வந்தாள். அந்தக் கறுப்பு முகம் திரையை நிறைத்தது. பிறகு திரும்பிக்கொண்டு, முதுகைக் காட்டி, மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தலையைக் குனிந்தாள். இடது கையைப் பின்னால் கொண்டுவந்து, முடிச்சின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

எதிராளியைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அந்த ஊர்க் கூட்டம் விசிலடித்தது. லா மூதா மறுபடி இரண்டு தட்டினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு. விளக்கு ஒவ்வொன்றாக அணைகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு படம் உறைந்து, இணைப்பு போயிற்று.

அம்சவேணியின் கை கண்ணாடித் திரையின் மேல் அந்த முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தது. "தப்புப் பண்ணிட்டேன்டி," என்றாள். "தெரிஞ்சே பண்ணிட்டேன்."

அன்றைக்கே எழுதச் சொன்னாள்: முடிச்சை வெட்டிவிடுங்கள். ஜெயித்தவளின் முகமூடியை யாரும் தொடக் கூடாது, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. அதன் பிறகு மேனேஜரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. சனிக்கிழமைகளில் லா மூதா மேடைக்கு வரவில்லை. ஆறாவது வாரம் வியாழக்கிழமை ஷப்னம் ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று மாடி ஏறி வந்தாள்.

"நம்ம பார்சல்தான், திரும்பி வந்திருக்கு," என்றாள். "தூக்கிட்டு வரும்போது உள்ள ஏதோ..."

பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. ஷப்னம் மொழிபெயர்த்துப் படித்தாள். 'போட்டி முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனவள் வெளியே வரவில்லை. கதவை உடைத்துப் பார்த்தோம். பெஞ்சின் மேல் இது மட்டும் இருந்தது. கட்டிய கட்டு கட்டியபடி. கட்டோடு இருக்கும் முகமூடியிலிருந்து தலை எப்படி வெளியே வரும் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவளை யாரும் தோற்கடிக்கவில்லை, ஆகையால் பட்டம் இன்னும் அவளுடையது. விதிப்படி நாற்பத்தைந்து நாளுக்குள் மறுபடி மோத வேண்டும். அதற்குள் வருகிற கடைசி வெள்ளிக்கிழமைதான் அவளுக்குக் கெடு. மேடையிலிருந்து மூன்று முறை பெயரைக் கூப்பிடுவோம். கட்டு இருக்கிறவரை அவள் வருவாள் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கென்னவோ பயமாக இருக்கிறது. தைத்தவரிடமே அனுப்புகிறேன், அவளுக்கு வேறு முகவரி எனக்குத் தெரியாது.'

அம்சவேணி அதை இரண்டு கையாலும் எடுத்து மேஜை மேல் வைத்தாள். கறுப்பு முகமூடி, அதற்குள் பழைய காடாத் துணி. வெறும் துணி என்றால் தொய்ந்து விழ வேண்டும். இது விழவில்லை. உள்ளே தலை இருப்பதுபோல நிமிர்ந்து நின்றது. இடது காது கால் இஞ்சு இறங்கியிருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி மெல்ல உள்ளே போயிற்று. மெல்ல வெளியே வந்தது. மறுபடி உள்ளே போயிற்று.

ஷப்னம் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓதத் தொடங்கினாள். அம்சவேணி பயப்படவில்லை. அந்த அசைவு அவளுக்குத் தெரியும். அந்த ஆடி மாதம் சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாளே. அந்த மேடையில் பார்த்தது வெற்றி ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நான்கு வருடமாக அந்தப் பெண் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள்.

அவ்வளவு தெரிந்தும் உடனே அவிழ்த்தாளா? இல்லை. ஒரு நாள் இருக்கட்டும் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்தவளை வந்த காலோடு அனுப்ப எந்த அக்காவுக்கு மனசு வரும்? வெள்ளிக்கிழமை தமிழரசிக்குப் பிடித்த மோஹிங்கா, அந்த மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாள். கிடங்கில் யார் யார் இருக்கிறார்கள், யார் மலேசியாவுக்குப் போய்விட்டார்கள் என்று ஊர்க்கதை எல்லாம் சொன்னாள். துணி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. நேரம் ஆக ஆக அது வேகம் பிடித்தது.

சனிக்கிழமை காலை ஷப்னம் வந்தபோது துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் கைபேசியை நிறுத்திவைத்தாள். மணி ஒன்பது. காலியான மேடையில் ஒரு ஆள் மைக்கோடு நின்றார். மேனேஜர் பெல்ட்டைக் கையில் ஏந்திப் பக்கத்தில் நின்றாள்.

"லா மூதா!" என்று முதல் முறை கூப்பிட்டார்.

கைபேசியில் மேடை வாசல் திரையின் அடிப்பகுதி அசைந்தது. மேஜை மேல் இருந்த தலை, கூப்பிட்ட பக்கம் மெல்லத் திரும்பியது.

"அக்கா!" என்று ஷப்னம் அலறினாள்.

அம்சவேணி அதை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது. உள்ளங்கைக்கு இளஞ்சூடு தட்டியது. பின்மண்டையைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். கத்தரிக்கோலை எடுக்கவில்லை, முடிச்சில் கத்தரி வைத்தால் தமிழரசிக்குப் பிடிக்காது, சின்ன வயதிலேயே அழுவாள். நைலான் முடிச்சின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தி, ஒரு சுற்றைப் பின்னுக்குத் தள்ளினாள். அவள் விரலுக்கு அது வழிவிட்டது. கறுப்பு முகமூடி உரிந்து வந்தது.

"லா மூதா!"

திரை இன்னும் கொஞ்சம் விலகியது. திரைக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ நின்றது. கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. காடாத் துணி மடியில் கிடந்து துடித்தது. ஷூ நாடா நான்கு வருடத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அன்றைக்குக் கடித்துக் கட்டியதுபோலவே பல்லை வைத்தாள். புகை நாற்றமும் தேங்காய் எண்ணெய் வாசமும் ஒன்றாக அடித்தன. "இருடி, இருடி கண்ணு, வலிக்காம அவுத்திடுறேன்," என்று சொல்லிக்கொண்டே முதல் முடிச்சை இளக்கினாள். இன்னும் ஒன்று.

"லா மூதா!"

இரண்டாவது முடிச்சு அவிழ்ந்தது.

துணிக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. அம்சவேணியின் மணிக்கட்டில் அது சூடாகப் பட்டது. பிறகு காடாத் துணி மடியில் தொய்ந்து விழுந்தது. கைபேசியில் திரை அசையாமல் தொங்கியது. அதற்குப் பின்னால் யாரும் இல்லை. கூட்டம் காத்துக்கொண்டே இருந்தது.

மேனேஜர் பெல்ட்டை மேடை நடுவில் வைத்துவிட்டு இறங்கினாள். மல்யுத்தக்காரர் யாராவது இறந்தால் அடிப்பதுபோல மணி அடிக்கத் தொடங்கினார்கள். பத்து முறை அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் கூட்டத்தில் ஒருவர் இருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஷப்னம் அழுதுகொண்டே திரையில் ஓடிய எழுத்தைப் படித்தாள். "பெண்கள் பட்டம் காலின்னு போட்டிருக்குக்கா. இனிமே அவ பேர் இல்ல."

அம்சவேணி பச்சை நூல் தையல் மேலே தெரியும்படி துணியை நான்காக மடித்தாள். அந்தப் பாழாய்ப்போன வாய்ப் பழக்கம் நாக்கின் நுனி வரை வந்தது. "போயிட்டு..." என்று ஆரம்பித்துவிட்டாள். ஷப்னம் நிமிர்ந்து பார்த்தாள். அம்சவேணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று துணியின் மேல் விழுந்தது.

"போ," என்றாள்.